பறங்கிப் பொன், அரபு வார்ப்பு

வணக்கம் ஐயா,

பதினோரு வருடமாகக் குவைத்தில் இருக்கிறேன். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம், இங்கே பார்ப்பது கணக்கு வேலை. எங்கள் அலுவலகத்தில் வயதான எகிப்தியர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு ஷேக்ஸ்பியர் பக்கம் போனது. அவருடைய தாத்தா கெய்ரோவில் ஹாம்லெட் நாடகம் பார்த்தவராம். அதில் ஹாம்லெட் பாடுவானாம். கடைசியில் சாகாமல் அரியணை ஏறுவானாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "அப்படியானால் அது ஹாம்லெட்டே இல்லையே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. நீங்கள் நாடகம் பற்றி எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவன் என்பதால் கேட்கிறேன். அரபு மரபில் நாடகமே கிடையாது, மதம் அதை விடவில்லை, பிற்பாடு ஐரோப்பியரைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள், எடுத்ததையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எங்கோ படித்த ஞாபகம். அது உண்மையா? நான் சிரித்தது தவறா?

அன்புடன்,
ர., குவைத்

*

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தவறுதான். அவருடைய தாத்தா பார்த்தது ஹாம்லெட்தான். அன்று மேடையில் நின்றது யார் என்றுகூட என்னால் ஏறக்குறைய ஊகிக்க முடியும். அது ஷேக் சலாமா ஹிஜாஸியாக இருக்க வேண்டும்.

ஹிஜாஸி 1852-இல் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்தவர். இளமையில் குர்ஆன் ஓதுகிறவராகவும் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மோதினாராகவும் இருந்தவர். அந்தக் குரலோடுதான் நாடகத்துக்கு வந்தார். நஜீப் அல்-ஹத்தாத் ரோமியோ ஜூலியட்டை 'காதலின் தியாகிகள்' என்று பொருள்படும் தலைப்பில் அரபியில் எழுதியபோது ரோமியோவாக நடித்தவர் இவர். கல்லறையில் கிடக்கும் ஜூலியட்டைப் பார்த்து, "ஜூலியட்டே, இதென்ன மௌனம்?" என்று தொடங்கும் பாட்டைப் பாடுவார். அந்தப் பாட்டு இசைத்தட்டாகவும் வந்தது. கரகரப்புக்கு நடுவே அந்தக் குரலை இன்றைக்கும் கேட்கலாம். மொழி புரியாவிட்டாலும் பாதகமில்லை, ஒருமுறை கேளுங்கள்.

ஹாம்லெட்டை அவருக்காக அரபியில் எழுதியவர் தான்யூஸ் அப்து. லெபனான்காரர், நாவல்களைக் கட்டுக்கட்டாக மொழிபெயர்த்தவர். 1901 வாக்கில் மேடையேறிய அந்த நாடகம் 1902-இல் அச்சிலும் வந்தது. அதில் பாட்டுகள் உண்டு. ஒருமுறை ஹிஜாஸி பாட்டே இல்லாமல் ஹாம்லெட்டாக நடித்துப் பார்த்தார் என்றும், கூட்டம் எதிர்ப்புக் காட்டியது என்றும், அப்புறம் அவர் கவிஞர் அஹ்மத் ஷவ்கியிடம் போய் ஹாம்லெட்டுக்கென்று ஒரு பாட்டு எழுதி வாங்கினார் என்றும் சொல்வார்கள். ஷவ்கி யார் என்று உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள், 'கவிகளின் இளவரசர்' என்பார். அந்தக் காலத்தின் முதல் கவிஞர், ஒரு நாடக நடிகருக்காக உட்கார்ந்து ஹாம்லெட்டின் துயரத்தைப் பாட்டாக எழுதினார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமைதான் வருகிறது.

சரி, ஹாம்லெட் ஏன் சாகவில்லை? இங்கேதான் நீங்களும் நானும், ஏன், பல பேராசிரியர்களும் அவசரப்பட்டுவிடுகிறோம். "அரபு ரசிகருக்குச் சோகம் தாங்காது, அதனால் மாற்றிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். உண்மையில் தான்யூஸ் அப்து ஆங்கில ஹாம்லெட்டைத் தொடவே இல்லை. அவர் கையில் இருந்தது பிரெஞ்சு ஹாம்லெட். அலெக்ஸாந்தர் துமாவும் போல் மொரீஸும் சேர்ந்து எழுதி, 1847-இல் பாரிஸில் மேடையேறி, பல பத்தாண்டுகள் ஓடியது. அதிலேயே ஹாம்லெட் சாவதில்லை. கடைசிக் காட்சியில் தந்தையின் ஆவி திரும்ப வருகிறது. செத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் தீர்ப்புச் சொல்கிறது. "எனக்கு என்ன தண்டனை?" என்று ஹாம்லெட் கேட்க, "நீ வாழ்வாய்" என்று பதில் வருகிறது. ஆக, ஹாம்லெட்டைக் காப்பாற்றிய முதல் ஆள் கெய்ரோக்காரர் இல்லை.

இங்கிலாந்துக்காரர்களே இதைச் செய்திருக்கிறார்கள். நஹூம் டேட் என்பவர் 1681-இல் கிங் லியரைத் திருத்தி எழுதினார். லியர் பிழைக்கிறார், அவருடைய கடைசி மகள் கார்டீலியாவும் பிழைக்கிறாள், அவளுக்குக் கல்யாணமும் ஆகிறது. லண்டன் மேடையில் சுமார் ஒன்றரை நூற்றாண்டு ஓடியது இந்த லியர்தான். ஷேக்ஸ்பியரின் சொந்த நாட்டிலேயே அவர் எழுதிய முடிவை மக்கள் பார்க்கவில்லை.

ஆனால் தான்யூஸ் அப்து துமாவை அப்படியே பெயர்த்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. துமாவின் ஆவி 'நீ வாழ்வாய்' என்று சொல்வது தண்டனையாக. இத்தனை பிணங்களுக்கு நடுவே உயிரோடிருப்பதைவிடப் பெரிய வேதனை என்ன இருக்கிறது என்பது அதன் பொருள். அரபியில் அதே ஆவி, மண்ணில் மகிழ்ச்சியாக வாழ், விண்ணில் உனக்கு மன்னிப்பு உண்டு, உன் சிற்றப்பன் இருந்த இடத்தில் என் கண்முன்னே ஏறி உட்கார், இந்த அரியணை உனக்காகவே ஆனது என்கிறது. நிகழ்வு ஒன்றுதான், ஹாம்லெட் பிழைக்கிறான். அங்கே அது சாபம், இங்கே ஆசீர்வாதம். 1901-இல் கெய்ரோ பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்த ஊர். பறிபோன அரியணை உரியவனிடம் திரும்பி வருவதைப் பார்க்க அங்கே இருந்தவர்களுக்கு ஆசை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் மூலத்திலிருந்து ஒரு மேடை விலகும் இடத்தில்தான் அந்த மேடை தன் குரலில் பேசத் தொடங்குகிறது என்பது என் திடமான நம்பிக்கை. விலகலைப் பிழையென்று எழுதி மூடிவிட்டால் அந்தக் குரல் காதில் விழாமலே போய்விடும்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். பெய்ரூட்டில் மாரூன் அல்-நக்காஷ் என்றொரு வணிகர். 1846-இல் இத்தாலிக்குப் போனவர், அங்கே நாடகமும் ஆப்பராவும் பார்த்தார். ஊர் திரும்பி 1847-இல் தன் வீட்டிலேயே 'அல்-பகீல்' (கஞ்சன்) என்ற நாடகத்தைப் போட்டார். தூண்டுதல் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர். ஆனால் அது மோலியேரின் கஞ்சனை வரிக்கு வரி பெயர்த்ததல்ல, கதையும் பாத்திரங்களும் அவருடையவை. நவீன அரபு நாடகத்தின் பிறப்பை இந்த நாளிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். நாடகம் தொடங்கும் முன் அவர் கூடியிருந்தவர்களுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினார். ஐரோப்பாவில் வெறும் வசன நாடகமும் உண்டு, இசை நாடகமும் உண்டு, நான் இசை நாடகத்தைத் தேர்ந்தெடுத்தேன், எனக்கு அது பிடிக்கும், என் மக்களுக்கும் அதுவே பிடிக்கும் என்றார். தான் கொண்டுவந்ததை அவர் 'அரபு வார்ப்பில் வார்த்த இஃப்ரன்ஜிப் பொன்' என்று சொன்னார்.

'இஃப்ரன்ஜி' என்றால் ஐரோப்பிய என்று பொருள். அது நமக்குத் தெரிந்த சொல்தான். நம் 'பறங்கி' அதே வேரிலிருந்து கடல் வழியே வந்தது. பறங்கிப் பொன் என்று தயங்காமல் சொல்லலாம். பொன் எங்கிருந்து வந்தது என்பதை மாரூன் மறைக்கவே இல்லை பாருங்கள். வார்ப்பு என்னுடையது என்றார், அவ்வளவுதான். 38 வயதில் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய சகோதரர் மகன் சலீம் 1876-இல் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வந்து சேர்ந்தார். கெய்ரோவுக்குப் பாட்டு நாடகம் பரவியதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

மதம் விடவில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். அதில் உண்மை கொஞ்சம் உண்டு. டமாஸ்கஸில் அபு கலீல் அல்-கப்பானி நடத்திய நாடகக் கொட்டகை, ஆசாரமான ஷேக்குகள் இஸ்தான்புல்லுக்குப் புகார் அனுப்பியதால் இழுத்து மூடப்பட்டது. அவர் 1884-இல் எகிப்துக்குப் போய் அங்கே மறுபடி தொடங்கினார். கவிஞர் நிஸார் கப்பானியின் தாத்தாவுக்கு அண்ணன் தம்பி முறை இவர். ஆனால் கெய்ரோவில் யாகூப் சன்னூவின் நாடகங்கள் 1872-இல் நின்றுபோனது மதத்தால் அல்ல. அவரை 'எகிப்தின் மோலியேர்' என்று பாராட்டிய அதே கெதீவ் (எகிப்தின் ஆட்சியாளர்) இஸ்மாயீல்தான் மூடினார். பலதார மணத்தைக் கேலி செய்த நாடகம் பிடிக்கவில்லை, ஆட்சியைக் குத்தும் வசனங்களும் பிடிக்கவில்லை. அதற்கு மறுவருடமே, 1873-இல், மோலியேரின் தார்த்தூஃப் 'ஷேக் மத்லூஃப்' என்று எகிப்தியப் பேச்சுமொழிச் செய்யுளில் வெளிவந்தது. எழுதியவர் முஹம்மத் உஸ்மான் ஜலால், ஒரு முஸ்லிம் அரசு அதிகாரி. பக்தி வேடம் போட்டு வீட்டுக்குள் நுழையும் போலி மனிதனை ஒரு ஷேக்காகவே ஆக்கிவிட்டார்! மோதினார் ரோமியோவாகப் பாடிய ஊரில் மதம் நாடகத்தை விடவில்லை என்று ஒரே வரியில் எப்படிச் சொல்வது? சில ஷேக்குகள் எதிர்த்தார்கள், சில அரசர்கள் மூடினார்கள், மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

அரபு மரபில் நாடகமே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மோசுலிலிருந்து கெய்ரோவுக்கு வந்த இப்னு தானியால் என்ற கண் மருத்துவர் எழுதிய மூன்று நிழற்கூத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. கடைத்தெருவும் வித்தைக்காரர்களும் தரகர்களும் நிறைந்தவை. காபிக் கடைகளில் கதைசொல்லிகள் இருந்தார்கள். கர்பலாவின் துயரத்தை நடித்துக் காட்டும் தஃஸியா இருந்தது. இல்லாதது கிரேக்க வழி வந்த நாடகம் மட்டும்.

அது ஏன் இல்லை என்பது வேறு கதை, விசித்திரமான கதை. பாக்தாதில் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் தேடித்தேடி மொழிபெயர்த்தார்கள் அல்லவா? அரிஸ்டாட்டிலின் கவிதையியலையும் பெயர்த்தார்கள். 940-இல் இறந்த அபு பிஷ்ர் மத்தா, சிரியாக் மொழியிலிருந்து அதை அரபியாக்கினார். துன்பியல் நாடகம் என்று அரிஸ்டாட்டில் சொல்லும் இடத்தில் அவர் போட்ட சொல் 'மதீஹ்', அதாவது புகழ்ப்பாட்டு. இன்பியலுக்குப் போட்டது 'ஹிஜா', வசைப்பாட்டு. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரேக்க நாடகங்களை நடித்துக்காட்டும் வழக்கம் அந்தப் பக்கங்களில் மறைந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பார்த்தே இராத ஒன்றுக்கு அவர் தன் மொழியில் இருந்ததில் கிட்டத்தில் வருவதைத் தேடியிருக்கிறார். பிறகு ஸ்பெயினின் கோர்தோபாவில் தத்துவஞானி இப்னு ருஷ்த் அந்த நூலுக்கு உரை எழுதியபோது, உதாரணங்களுக்கு அரபுக் கவிதைகளையே எடுத்துக்கொண்டார். அரிஸ்டாட்டில் போற்றிய ஈடிபஸ் மட்டும் வரவில்லை. அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த அரசன், கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாயகன்.

அவன் அரபு மேடைக்கு வர 1912 ஆனது. பெய்ரூட்டில் பிறந்த ஜார்ஜ் அப்யள் என்ற இளைஞரை எகிப்தின் கெதீவ் 1904-இல் நடிப்புப் படிக்கப் பாரிஸுக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர் கெய்ரோவின் ஆப்பரா மாளிகையில் அரபியில் ஈடிபஸைப் போட்டார். பாட்டை விட்டு வசனத்தின் பக்கம் மேடை திரும்பியது இவரால்தான். கலீல் முத்ரான் ஒதெல்லோவை மொழிபெயர்த்ததும் அதே வருடம் அப்யளுக்காகத்தான். அதுவும் பிரெஞ்சு வழியாகத்தான். ஒதெல்லோ என்பது அதாவுல்லாஹ் போன்ற அரபுப் பெயரின் சிதைவாக இருக்கலாம் என்று முத்ரான் முன்னுரையில் வாதாடினார். மொழியியல்படி அது நிற்காது. ஆனால் வெனிஸில் அந்நியனாக நிற்கும் ஒதெல்லோ என்ற அந்த மூரை (வட ஆப்பிரிக்கனை) அவர் வீட்டுப்பிள்ளையாகப் பார்த்தார் என்பது அதில் தெரிகிறது.

ஈடிபஸையும் மற்ற சோஃபக்ளீஸ் நாடகங்களையும் நல்ல அரபியில் கொடுத்தவர் தாஹா ஹுசைன். 1939-இல் தொகுதி வந்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர் அவர். தான் சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதுவதுதான் அவர் வழக்கம். கண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வரும் ஈடிபஸின் வரிகளை அவர் சொல்லி, பக்கத்தில் ஒருவர் எழுதிய அந்த அறையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பத்து வருடம் கழித்து, 1949-இல், எகிப்தில் இரண்டு ஈடிபஸ்கள் வந்தார்கள். இரண்டும் மொழிபெயர்ப்பல்ல, புதிய நாடகங்கள். ஒன்று தவ்ஃபீக் அல்-ஹகீமுடையது. நீளமான முன்னுரை ஒன்று எழுதியிருக்கிறார். நம் முன்னோர் கிரேக்கத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு நாடகத்தை ஏன் விட்டார்கள், நாம் இப்போது அந்த ஊற்றுக்குப் போய் எப்படிக் குடிப்பது, குடித்ததை எப்படி நம்முடையதாக்குவது என்று யோசிக்கிறார். நாடகத்தைவிட அந்த முன்னுரை எனக்கு முக்கியம். நாடகத்தில் அவர் செய்த மாற்றம் துணிச்சலானது. கிரேக்கக் கதையில் ஈடிபஸ் புதிருக்கு விடை சொல்லி வெல்லும் ஸ்பிங்க்ஸ் என்ற மிருகம் இங்கே இருக்கவே இல்லை. ஈடிபஸ் கொன்றது ஒரு சாதாரண சிங்கத்தை. புதிர்க் கதையைக் கட்டிவிட்டது குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ், தனக்கு வேண்டிய அரசனை உட்காரவைக்க. ஆக, ஆட்சியே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. எல்லாம் வெளிப்பட்ட பிறகு, வெளியே இருக்கும் உண்மை இருக்கட்டும், நமக்குள் இருக்கும் அன்பும் மெய்தானே, சேர்ந்தே இருப்போம் என்று ஈடிபஸ் தன் தாயும் மனைவியுமான யொகாஸ்தாவிடம் மன்றாடுகிறான். அவளால் முடியவில்லை. அந்த ஒரு காட்சிக்காக இந்த நாடகத்தைப் படிக்கலாம். மற்றபடி வாதம் அதிகம், மூச்சு விட இடமில்லை.

இன்னொன்று அலி அஹ்மத் பாகஸீருடையது. யெமனின் ஹத்ரமவ்த் பகுதி வம்சம், பிறந்தது இந்தோனேசியாவின் சுரபாயாவில், எழுதியது கெய்ரோவில். 1948-இல் பாலஸ்தீனத்தில் அரபுப் படைகள் தோற்ற வேதனையில், அதைச் சொல்ல ஒரு கதை தேடி ஈடிபஸிடம் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் நாடகத்தில் விதி கிடையாது. எல்லாம் கோயில் பூசாரியின் சதி, சொத்து ஆசை. டைரீசியஸ் கோயிலிலிருந்து விரட்டப்பட்ட நல்ல மனிதர், மெய்யான கடவுளை நம்புகிறவர். இறைவன் ஒரு குழந்தையை, பிறக்கும் முன்பே, தாயை மணக்கச் சபிப்பானா? ஒரு முஸ்லிம் மனசுக்கு இது செரிக்காத கேள்வி, பாகஸீர் அதை நேராக எதிர்கொண்டார். பிற்பகுதியில் உபதேசம் கூடிவிடுகிறது என்பது என் குறை.

எனக்கு மிக நெருக்கமானது மூன்றாவது. அலி சாலிம் 1970-இல் எழுதிய ஈடிபஸ். தலைப்பே கெய்ரோ தெருப்பேச்சில் 'நீதான் அந்த மிருகத்தைக் கொன்றாய்' என்று வரும். மூன்று வருடம் முன்புதான், 1967-இல், ஆறு நாளில் எகிப்து இஸ்ரேலிடம் தோற்றிருந்தது. கிரேக்கத் தீப்ஸை அலி சாலிம் எகிப்தின் தீப்ஸாக ஆக்கினார், அதாவது இன்றைய லக்சோர். ஈடிபஸ் மிருகத்தைச் சந்தித்துவிட்டு வருகிறான். கொன்றேன் என்று அவன் வாயால் சொல்வதில்லை. கூட்டம் சொல்கிறது. "நீதான் கொன்றாய்" என்று பாட்டாகவே பாடுகிறது. அவன் மறுக்கவும் இல்லை. அப்புறம் நல்லதுதான் செய்கிறான். தொலைபேசி, தொலைக்காட்சி என்று காலத்தைத் தாண்டிய கருவிகளைக் கொடுக்கிறான். அந்தக் கருவிகளில் எல்லாம் அதே பாட்டு ஓடுகிறது. இன்னொரு பக்கம் காவல்துறைத் தலைவன் அவாலீஹ், கேள்வி கேட்பவர்களைத் தூக்கிக்கொண்டே இருக்கிறான். ஊருக்கு மெல்லப் பயம் பழகிவிடுகிறது. ஒருநாள் மிருகம் திரும்பி வருகிறது. போய்ச் சண்டையிடுங்கள் என்றால் பயந்து பழகிய ஜனம் எப்படிச் சண்டையிடும்?

தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் இந்த நாடகத்துக்குத் தேவையே படவில்லை. சோஃபக்ளீஸின் கேள்வி மட்டும் இருக்கிறது: ஊரைப் பிடித்த இந்த நோய்க்கு யார் காரணம்? அதிபர் நாசர் உருவாக்கிய எகிப்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார் ஒரு மனிதர். இதைப் போய் ஈடிபஸைப் புரிந்துகொள்ளாதவர் எழுதியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஹாம்லெட்டுக்குத் திரும்புகிறேன், உங்கள் கேள்வி அங்கேதான் தொடங்கியது. 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற வரி அரபியில் என்ன ஆனது தெரியுமா? அரபியில் 'அகூன்' என்றால் 'நான் இருப்பேன்', 'நகூன்' என்றால் 'நாம் இருப்போம்'. முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அரசியல் மேடைகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் அந்த வரி 'நகூன் அவ் லா நகூன்' என்றே புழங்குகிறது: நாம் இருக்கப்போகிறோமா, இல்லாமல் போகப்போகிறோமா? தனியாக நின்று தன் உயிரைப் பற்றி யோசிக்கும் இளவரசனின் வரி, ஒரு மக்கள் கூட்டம் தன் இருப்பைப் பற்றிக் கேட்கும் கேள்வியாகிவிட்டது. பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசும்போது சொல்வார்கள், ஒற்றுமை பற்றிப் பேசும்போது சொல்வார்கள். ஷேக்ஸ்பியரைத் திறந்தே பார்க்காதவர்கள்கூடச் சொல்வார்கள்.

அதனால்தான் அரபு ஹாம்லெட் பெரும்பாலும் அரசியல் ஹாம்லெட். தாயைப் பற்றிய குழப்பமும் மனநோயும் அங்கே அவ்வளவாக இல்லை. நாசர் காலத்தில் அவன் அநியாயத்தை எதிர்க்கும் வீரன். 1967-க்குப் பிறகு, எழுபதுகளின் நடுவிலிருந்து, படம் மாறுகிறது. அரியணையைப் பறித்த சிற்றப்பன் கிளாடியஸ் மேடை முழுக்க நிறைகிறான், ஹாம்லெட் சுருங்கிப்போகிறான். சிரியாவின் மம்தூஹ் அத்வான் 1976-இல் எழுதிய நாடகத்தின் பெயரே 'ஹாம்லெட் தாமதமாக விழிக்கிறான்'. ஈராக்கின் ஜவாத் அல்-அஸ்ஸதி அதையும் தாண்டி 'ஹாம்லெட்டை மறந்துவிடுங்கள்' என்று ஒன்று எழுதினார். சதாமின் ஈராக்கிலிருந்து வெளியேறி வாழ்ந்தவர் அவர், அந்த இருட்டு அந்த நாடகத்தில் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் குவைத்திலேயே சுலைமான் அல்-பஸ்ஸாம் என்ற நாடகாசிரியர் இருக்கிறார். அவருடைய அல்-ஹாம்லெட் உச்சிமாநாடு 2002-இல் எடின்பரோவில் ஆங்கிலத்திலும், 2004-இல் டோக்கியோவில் அரபியிலும் மேடையேறியது. மேடையில் அரண்மனை இல்லை. பெயர்ப்பலகையும் மைக்கும் வைத்த மாநாட்டு மேசைகள். ஆயுத வியாபாரி ஒருவர் எல்லோரிடமும் வந்து வந்து போகிறார். கிளாடியஸ் மண்டியிட்டுப் பிரார்த்திக்கும் இடம் மூலத்திலும் உண்டு அல்லவா, இங்கே அவன் டாலரை நோக்கிப் பிரார்த்திக்கிறான். ஹாம்லெட் கடைசியில் தீவிரவாதத்தின் பக்கம் போகிறான். ஏன் போகிறான் என்பதை நாடகம் காட்டுகிறது, நியாயப்படுத்தவில்லை. புத்தகமாகக் கிடைக்கிறது, உங்கள் ஊரிலேயே தேடிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு நிகழ்வுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2013-இல், சிரியாவிலிருந்து தப்பி ஜோர்டானுக்கு வந்த பெண்கள் அம்மானில் யூரிப்பிடீஸின் ட்ரோஜன் பெண்களை மேடையேற்றினார்கள். இயக்கியவர் ஒமர் அபூ ஸஅதா. நடித்தவர்கள் நடிகைகள் அல்ல. வீட்டையும் ஆட்களையும் இழந்து வந்தவர்கள். எரிந்த நகரத்தின் அரசி ஹெகுபா பேசும் இடத்தில் தங்கள் சொந்தக் கதைகளைச் சேர்த்தார்கள். ஊரில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து வரும் என்று பயந்து பாதியில் விலகியவர்களும் உண்டு. 2,400 வருடத்துக்கு முந்தைய நாடகம் அவர்களுக்கு விளக்கவுரை இல்லாமலே புரிந்தது.

அடுத்த வருடம் மார்ச்சில், அதே ஜோர்டானில், ஸஅத்தரி அகதி முகாம். ஹோம்ஸ் நகரிலிருந்து வந்த நடிகர் நவார் புல்புல், முகாமின் குழந்தைகள் சுமார் நூறு பேரை வைத்து கிங் லியர் போட்டார். கூடாரங்களுக்கு நடுவே கல்லும் மண்ணுமான ஒரு வெட்டவெளிதான் அரங்கம். லியராக ஒரு சிறுவன். மூத்த மகள்கள் இருவரும் அப்பாவைப் புகழ்ந்து பேசும்போது சுற்றி நிற்கும் குழந்தைகள் எல்லாம் "பொய்க்காரி! பொய்க்காரி!" என்று கத்துகின்றன. கார்டீலியா பேசும்போது "உண்மை சொல்பவள்" என்கின்றன. அந்த லியருக்குள் ஹாம்லெட்டின் ஒரு வரியையும் புல்புல் சேர்த்திருந்தார். எந்த வரி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்று அந்தக் குழந்தைகள் அதை அரபியிலும் ஆங்கிலத்திலும் உரக்கச் சொன்னார்கள்.

லியருக்குள் ஹாம்லெட் எப்படி வரலாம் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ர., உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். அந்தப் பெரியவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். சலாமா ஹிஜாஸியின் 'ஜூலியட்டே' பாட்டைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். அதைக் கேட்டால் அவர் உட்காருவார் என்று நினைக்கிறேன். பிறகு அவர் தாத்தா என்னவெல்லாம் சொன்னார் என்று கேளுங்கள். கடைசிக் காட்சியில் தந்தையின் ஆவி வந்ததா? அரியணையைக் காட்டி என்ன சொன்னது? ஹாம்லெட் பாடிய பாட்டில் ஒரு வரியாவது அந்த வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கிடைத்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். அரபியிலேயே அனுப்புங்கள், படித்துச் சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது.

அன்புடன்.